எடைக் குறைப்பு ஊசிக்கான முதல் சீட்டு: எழுதும் முன்பும் வாங்கிய பின்பும் பார்க்க வேண்டியவை

முதல் மாதம் போடும் ஊசியால் எடை பெரிதாகக் குறையாது. செமாக்ளுடைடு என்றால் வாரம் 0.25 மில்லிகிராம், டிர்செபடைடு என்றால் வாரம் 2.5 மில்லிகிராம். இரண்டுமே குடலைப் பழக்குவதற்கான அளவுகள். எடையில் வேலை செய்யும் அளவு அதற்குப் பிறகுதான் வரும். இது தெரியாமல் நான்கு வாரம் கழித்து எடை மெஷினில் ஏறி நின்று, காசெல்லாம் வீண் என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இரண்டாவது வாரமே தாங்களாக அளவைக் கூட்டி, வாந்தி நிற்காமல் அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களும் உண்டு. இரண்டு பேர் கையிலும் இருந்த சீட்டில் ஒரே குறைதான். ஊசியின் பெயர் இருந்தது, அளவு இருந்தது. ஐந்தாவது வாரம் என்ன செய்வது, பதினாறாவது வாரம் எதைப் பார்ப்பது, எப்போது நிறுத்துவது என்று ஒரு வரிகூட இல்லை.

முதல் சீட்டு என்பது ஒரு வருடத் திட்டத்தின் முதல் பக்கம். அதை எப்படி எழுத வேண்டும், எழுதுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும், வாங்கி வீட்டுக்கு வந்தபின் எங்கே தவறு நடக்கிறது என்பதைத் தமிழ்நாட்டில் ஒருவர் டாக்டரிடம் போகிற சூழலை வைத்தே பார்ப்போம்.

கடையில் இருக்கும் மருந்துகள்

2025 மார்ச்சில் எலி லில்லி நிறுவனத்தின் மவுஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தது. அதிலிருக்கும் மருந்து டிர்செபடைடு. அதே ஆண்டு ஜூனில் நோவோ நார்டிஸ்கின் வெகோவி வந்தது. அது செமாக்ளுடைடு. செமாக்ளுடைடு மாத்திரையாக, ரைபெல்சஸ் என்ற பெயரில், 2022 ஜனவரியிலிருந்தே இங்கே விற்கிறது. ஆனால் அது அனுமதி பெற்றது சர்க்கரை நோய்க்கு. 2026 மார்ச்சில் செமாக்ளுடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் முடிந்து, உள்நாட்டு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. அதனால் ஒரே மருந்து பல பெயர்களில், பல வடிவங்களில் கடைக்கு வரும். பிராண்டு பெயரை மட்டும் சொல்லி வாங்குவது இனிப் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

சாப்பிட்டவுடன் நம் குடலிலிருந்து ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. இயற்கையில் அது சில நிமிடங்களில் அழிந்துவிடும். செமாக்ளுடைடு அதைப் போலவே வேலை செய்யும். ஆனால் உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். டிர்செபடைடு ஜி.ஐ.பி. என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்யும். அதற்குச் சுமார் 5 நாள். மூளையில் பசி தணியும், இரைப்பை மெதுவாகக் காலியாகும், சர்க்கரை ஏறும்போது இன்சுலின் கூடுதலாகச் சுரக்கும்.

இந்த ‘பாதியாகும் காலம்’ என்ற ஒரே விஷயம் பல விதிகளை விளக்கிவிடும். ஒரே அளவை வாரா வாரம் போட்டால், இரத்தத்தில் அது ஒரு நிலைக்கு வர நான்கைந்து வாரம் பிடிக்கும். அளவைக் கூட்ட நான்கு வாரம் காத்திருக்கச் சொல்வது அதனால்தான். ஒவ்வாமல் போனால் ‘ஊசியை நிறுத்தினேனே, ஏன் குமட்டல் நிற்கவில்லை’ என்ற கேள்விக்கும் இதுவே பதில். போட்டது போட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது. அவசரப்பட்டுக் கூட்டியவர் பல நாள் அந்த அளவோடுதான் இருந்தாக வேண்டும்.

பலன் எவ்வளவு? 2021-ல் வெளியான ஸ்டெப்-1 ஆய்வில் வாரம் 2.4 மில்லிகிராம் செமாக்ளுடைடு போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். 2022-ல் வந்த சர்மவுன்ட்-1 ஆய்வில் டிர்செபடைடு 72 வாரத்தில் 5 மில்லிகிராமுக்கு 15 சதவீதம், 15 மில்லிகிராமுக்கு 20.9 சதவீதம். 80 கிலோ எடையுள்ளவருக்கு இது 12 முதல் 17 கிலோ. ஒன்றேகால் வருடத்துக்கு மேல் தொடர்ந்து போட்டு, சாப்பாட்டையும் நடையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவர்களின் சராசரி இது. மூன்று மாதத்தில் இந்தக் கணக்கை எதிர்பார்ப்பது மருந்தின் மேல் சுமத்தும் அநியாயம்.

யாருக்கு எழுதலாம்

அனுமதியில் உள்ள வரையறை இது: பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) 30 அல்லது அதற்கு மேல். அல்லது 27-க்கு மேல் இருந்து, கூடவே சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு, தூக்கத்தில் மூச்சடைப்பு போன்ற எடை சார்ந்த நோய் ஒன்றாவது இருக்க வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 27 என்பது 69 கிலோ, 30 என்பது 77 கிலோ. 170 சென்டிமீட்டருக்கு 78 கிலோ, 87 கிலோ.

இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து சர்க்கரையும் இதய நோயும் வருகின்றன. அதனால் இந்திய மருத்துவர்களின் ஒருமித்த வரையறையில் 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்டியில் உள்ள விதியோ மேலைநாட்டு ஆய்வுகளை ஒட்டியது. 26 பி.எம்.ஐ. இருந்து, தொப்பை இருந்து, சர்க்கரையும் இருப்பவருக்கு டாக்டர் இதைச் சர்க்கரை மருந்தாகவே எழுத முடியும், மவுஞ்சாரோவுக்கு அந்த அனுமதியும் உண்டு. சர்க்கரையோ வேறு நோயோ இல்லாமல் 25 பி.எம்.ஐ. உள்ளவர், கல்யாணத்துக்கு முன் ஐந்து கிலோ குறைய வேண்டும் என்று கேட்டால் மறுப்பதுதான் சரி. அப்படி மறுக்கிற டாக்டரை விட்டுவிட்டு எழுதித் தருகிற டாக்டரைத் தேடிப் போகாதீர்கள்.

அதனால் முதல் சந்திப்பில் டேப் வைத்து இடுப்பை அளக்காமல், பிரஷர் பார்க்காமல், எடை மட்டும் கேட்டுச் சீட்டு எழுதினால், அந்தச் சீட்டுக்கு அடித்தளம் இல்லை. இடுப்பு அளவைத் தொப்புளை ஒட்டி எடுப்பதில்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் முனைக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் எடுக்க வேண்டும். எடை ஆமையாக நகரும் மாதங்களில்கூட இந்த அளவு இறங்கும். அப்போது நம்பிக்கை தருவது அந்த எண்தான்.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்க்க வேண்டும்

டாக்டரிடம் போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து, பொடி, லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இதற்கு இரண்டு காரணம்.

முதலாவது, எடையை ஏற்றுவதே அந்தப் பையில் இருக்கும் ஒரு மாத்திரையாக இருக்கலாம். நாள்பட ஸ்டீராய்டு எடுப்பவர்கள், மனநலத்துக்கு ஓலன்சபைன் எடுப்பவர்கள், வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுப்பவர்கள், சர்க்கரைக்கு பியோக்ளிட்டசோன் எடுப்பவர்கள் எல்லோருக்கும் எடை ஏறும் வாய்ப்பு உண்டு. மாற்று மருந்து இருந்தால் அதை மாற்றுவதே முதல் வேலை. ஆனால் தானாக நிறுத்தக் கூடாது. வலிப்பு மாத்திரையையும் மனநல மாத்திரையையும் திடீரென நிறுத்துவது எடையைவிடப் பெரிய ஆபத்து. எடை குறைக்கும் ‘மூலிகைப் பொடி’ எதுவும் இருந்தால் அதையும் காட்ட வேண்டும். இந்தியாவில் 2011-ல் தடை செய்யப்பட்ட சிபுட்ரமின், இதயத்துடிப்பையும் பிரஷரையும் ஏற்றுவது, உலகெங்கும் இப்படிப்பட்ட பொடிகளில் ஒளிந்திருந்து பலமுறை பிடிபட்டிருக்கிறது.

இரண்டாவது காரணம், இங்கே அதிகம் கவனிக்கப்படாதது: சர்க்கரை மாத்திரைகள். நம் ஊரில் சர்க்கரை நோயாளிகளில் ஏராளமானோர் கிளிமிபிரைடு எடுக்கிறார்கள், பெரும்பாலும் மெட்ஃபார்மினோடு சேர்ந்த ஒரே மாத்திரையாக. கிளிமிபிரைடு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஊசி பசியை அடக்கிவிடும். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு ‘பசிக்கவில்லை’ என்று இட்லியைத் தள்ளி வைத்தால் பதினோரு மணிக்குக் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் நிலைமை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊசி தொடங்கும்போதே கிளிமிபிரைடு, அதே வகையைச் சேர்ந்த கிளிக்ளசைடு, இன்சுலின் அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று டாக்டர் முடிவு செய்து சீட்டில் எழுத வேண்டும். கூட்டு மாத்திரையில் கிளிமிபிரைடு மறைந்திருப்பதால், அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இவை சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுபவை. ஊசியால் வாந்தி வந்து ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு இறங்காதபோதும் இந்த மாத்திரையைத் தொடர்ந்தால், இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். குளுக்கோமீட்டரில் சர்க்கரை 180 என்று சாதாரணமாகக் காட்டும், ஆள் மட்டும் மூச்சு வாங்கிச் சோர்ந்து கிடப்பார். வாந்தியும் பட்டினியும் இருக்கும் நாளில் இந்த மாத்திரையை நிறுத்தி வைப்பது பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பிரஷர் மாத்திரை, குறிப்பாகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு எடை குறையக் குறைய பிரஷரும் இறங்கும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அளவைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

கேட்கப்பட வேண்டிய கேள்விகள், எடுக்க வேண்டிய பரிசோதனைகள்

உங்களுக்கோ ரத்த உறவிலோ யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் வந்திருந்தால், அல்லது எம்.இ.என்-2 என்ற பரம்பரை நோய் இருந்தால், இந்த ஊசி கூடாது. எலிகளில் அந்த வகைக் கட்டிகள் வந்ததால் வைத்த விதி இது. சாதாரணத் தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம், அது வேறு. கணைய அழற்சி முன்பு வந்ததா, பித்தப்பையில் கல் உண்டா, வயிறு மெதுவாகக் காலியாகும் நோய் உண்டா, சாப்பாட்டைக் கண்டு பயப்படும் அல்லது கட்டுக்கடங்காமல் சாப்பிடும் மனப்போக்கு உண்டா என்பதெல்லாம் கேட்கப்பட வேண்டும். மதுப் பழக்கத்தை மறைக்கக் கூடாது. கணையத்தைக் கெடுப்பதில் மது முதல் வரிசையில் இருக்கிறது.

ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி., சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை, கொழுப்பு, தைராய்டுக்கான டி.எஸ்.எச். போதும். கணையத்துக்கான அமிலேஸ், லைபேஸ், மெடுல்லரி தைராய்டு புற்றுக்கான கால்சிடோனின் எல்லாருக்கும் தேவையில்லை. பித்தப்பைக் கல்லின் அறிகுறி இருந்தவர்களுக்கு மட்டும் வயிற்று ஸ்கேன்.

பல வருடச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கண் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டுப்பாடில்லாமல் இருந்த சர்க்கரை திடீரென இறங்கும்போது, ஏற்கெனவே பழுதான விழித்திரை சிலருக்கு மோசமாகிறது. சஸ்டெய்ன்-6 ஆய்வில் செமாக்ளுடைடு எடுத்தவர்களில் 3 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 1.8 சதவீதம் பேருக்கும் விழித்திரைச் சிக்கல் வந்தது. கண்ணைப் பார்த்து, தேவையான லேசர் சிகிச்சையை முடித்துவிட்டு ஊசியைத் தொடங்க ஒரு மாதம் தாமதமானாலும் நஷ்டமில்லை.

பெண்களிடம் கூடுதலாக ஒரு பேச்சு இருக்கிறது, அது பல இடங்களில் கூச்சத்தால் விடுபடுகிறது. கர்ப்ப காலத்தில் இந்த மருந்து கூடாது. குழந்தைக்குத் திட்டமிட்டால் செமாக்ளுடைடை இரண்டு மாதம் முன்பும், டிர்செபடைடைக் குறைந்தது ஒரு மாதம் முன்பும் நிறுத்த வேண்டும். பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு எடை குறைந்ததும் மாதவிடாய் ஒழுங்காகி, எதிர்பாராமல் கரு தங்கலாம். ‘எனக்குத்தான் தங்காதே’ என்று இருந்தவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள். டிர்செபடைடு வயிற்றை மெதுவாக்குவதால் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். தொடங்கிய பின் 4 வாரமும், ஒவ்வொரு முறை அளவு கூட்டிய பின் 4 வாரமும் ஆணுறை போன்ற இன்னொரு பாதுகாப்பு வேண்டும்.

சீட்டில் இருக்க வேண்டிய வரிகள்

மருந்தின் மூலப்பெயர், பிராண்டு, மில்லிகிராம் அளவு, குப்பியா பேனாவா (மருந்து நிரப்பிய, பேனா வடிவ ஊசிக் கருவி), வாரத்தில் எந்தக் கிழமை, எத்தனை வாரம் இவையெல்லாம் இருக்க வேண்டும். வெகோவியின் அளவைப் படிப்படியாகக் கூட்டும் ஏணி 0.25, 0.5, 1, 1.7, 2.4 மில்லிகிராம். ஒவ்வொரு படியிலும் நான்கு வாரம். டிர்செபடைடு 2.5-ல் நான்கு வாரம், பிறகு 5, அதற்கு மேல் தேவைப்பட்டால் மட்டும் குறைந்தது நான்கு வாரத்துக்கு ஒருமுறை 2.5 கூட்டி, உச்சம் 15. ஏணியின் உச்சிக்குப் போயே தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. 5 மில்லிகிராமில் நன்றாகக் குறைகிறவருக்கு அங்கேயே நிற்பது உடலுக்கும் பர்ஸுக்கும் நல்லது. குமட்டல் அடங்காதவருக்கு ஒரு படியில் எட்டு வாரம் இருப்பதும் சரியே.

கூடவே மூன்று விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: மாற்றப்பட்ட பழைய மாத்திரைகளின் புதிய அளவு, அடுத்த சந்திப்புத் தேதி, வாந்தியோ வலியோ வந்தால் கூப்பிட வேண்டிய எண். இந்த மூன்றாவது இல்லாததால்தான் மக்கள் தெருமுனைக் கடையில் வாந்தி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மூன்று நாள் தள்ளுகிறார்கள்.

கடையிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை

இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய பேனாவைச் சில வாரங்கள் 30 டிகிரிக்குள் வெளியே வைக்கலாம் என்று பெட்டிக்குள் இருக்கும் விளக்கத் தாளில் போட்டிருக்கும். எத்தனை நாள் என்பது பிராண்டுக்குப் பிராண்டு வேறு. ஆனால் மே மாதம் வேலூரிலோ மதுரையிலோ அறை வெப்பம் 30-க்குள் இருக்காது, எனவே இங்கே ஃப்ரிட்ஜ்தான் வழி. ஃப்ரீசருக்குப் பக்கத்திலோ பின்சுவரை ஒட்டியோ வைத்தால் உறைந்துவிடும். உறைந்த ஊசியை உருகவிட்டுப் போடக் கூடாது, தூக்கிப் போட வேண்டும். ஐஸ் பேக்கை நேரடியாக மருந்துப் பெட்டியில் ஒட்டி வைத்துப் பயணம் செய்வதும் இதே தவறுதான். நடுவில் ஒரு துண்டு சுற்றி வையுங்கள். கடைக்காரர் சாதாரணக் கவரில் போட்டு நீட்டினால் வாங்காதீர்கள். பில், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் பார்த்து வாங்குங்கள். ஜிம்மிலும் சமூக ஊடகத்திலும் ‘பெப்டைடு பவுடர்’ என்று விற்கப்படுவதில் உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

குப்பி வடிவத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. மவுஞ்சாரோ குப்பியில் 0.5 மில்லிலிட்டர், அது ஒரே வேளைக்கு. நம் ஊர்க் கடைகளில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சு உண்டு. சிவப்பு மூடி 40 யூனிட் வகை, ஆரஞ்சு மூடி 100 யூனிட் வகை. 0.5 மில்லிலிட்டர் என்பது ஆரஞ்சு மூடியில் 50-வது கோடு, சிவப்பு மூடியில் 20-வது கோடு. வெளிநாட்டு வீடியோவில் ‘10 யூனிட் இழுங்கள்’ என்று சொல்வது 100 யூனிட் சிரிஞ்சுக்கு, அதாவது 0.1 மில்லிலிட்டர். அதையே சிவப்பு மூடியில் இழுத்தால் 0.25 மில்லிலிட்டர், இரண்டரை மடங்கு. பிராண்டு மாறும்போது ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்பதும் மாறலாம். எனவே ‘எத்தனை கோடு’ என்று நினைவில் வைக்காமல், ஒவ்வொரு புதுப் பெட்டிக்கும் டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கணக்கைச் சரிபார்க்க வேண்டும்.

அதிக அளவுக் குப்பியை வாங்கி நான்கு வாரத்துக்குப் பிரித்துப் போட்டால் மலிவு என்று ஒரு யோசனை உலவுகிறது. ஒருவேளைக் குப்பியில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் இல்லை. ஒருமுறை ரப்பரில் ஊசி குத்திய குப்பியை ஒரு மாதம் வைத்திருந்து போடுவது சீழ்க்கட்டியை விலைக்கு வாங்குவது போல. பேனாவில் கிளிக் எண்ணிப் பாதி அளவு போடுவதும் தயாரிப்பாளர் சொல்லாத வழி, அளவு தப்பும்.

ஊசி போடுவது எளிது. தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயிற்றில், அல்லது தொடையின் முன்பக்கம், வாரத்துக்கு ஓர் இடம் மாற்றி. பேனாவின் மருந்து ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குத்தினால் எரியும், சற்று நேரம் வெளியே வைத்துவிட்டுப் போடலாம். ஒவ்வொரு முறையும் புது ஊசி முனை, தாளில் சொன்னபடி முதலில் ஒரு சொட்டு வருகிறதா என்று பார்ப்பது, அழுத்திய பின் உடனே இழுக்காமல் தாளில் சொன்ன நொடிகள் வரை எண்ணுவது இவ்வளவுதான். பயன்படுத்திய ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மருத்துவமனையிலோ லேபிலோ கொடுங்கள். குப்பையில் போட்டால் அது குத்துவது தூய்மைப் பணியாளரின் கையில்.

மாத்திரை வடிவம் எடுப்பவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. ரைபெல்சஸை எழுந்தவுடன் வெறும் வயிற்றில், 120 மில்லிலிட்டருக்கு மேற்படாத தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். காபியோடு போட்டால் மருந்து உள்ளே போகாது. ‘எனக்கு வேலையே செய்யவில்லை’ என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது காலைக் காபி எத்தனை மணிக்கு என்பதுதான்.

முதல் நான்கு வாரச் சாப்பாடு

வயிறு மெதுவாகக் காலியாகிறது என்பதை ஒரு பானை போல நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருப்பது இறங்கும் முன் மேலே ஊற்றினால் வழியும். பழைய அளவு பிரியாணி, பரோட்டா சால்னா, பஜ்ஜி போன்ற எண்ணெய்ச் சாப்பாடு இறங்க அதிக நேரமாகும், இரவு பத்து மணிக்கு அதைச் சாப்பிட்டுப் படுத்தால் நள்ளிரவில் வாந்தி. வயிறு நிறைந்தது என்று தோன்றிய முதல் நொடியில் கையைக் கழுவிவிட வேண்டும். தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்த நமக்கு இது கடினம், அதனால் போடும்போதே பாதி போட்டுக்கொள்வது நல்லது. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது படுக்கக் கூடாது.

குமட்டல் இருக்கும் நாட்களில் கஞ்சி, ரசம் சாதம், இடியாப்பம் என்று ஒதுங்குவது இயல்பு. ஒன்றிரண்டு நாளைக்குச் சரி. வாரக்கணக்கில் அப்படியே போனால் புரதம் இல்லாமல் தசை கரையும். ஆய்வுகளில் குறைந்த எடையில் ஏறக்குறைய கால் பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பில்லாத திசுவாக இருந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டவருக்கு இந்த இழப்பு, படியேற முடியாமை, விழுதல், எலும்பு முறிவு என்று போய் முடியும். நம் சாப்பாடு ஏற்கெனவே அரிசி மிகுந்தது, அளவு பாதியானால் புரதமும் பாதியாகும். ஒரு நாளைக்கு 60 முதல் 70 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6, நூறு கிராம் மீனிலோ கோழியிலோ 20-க்கு மேல், நூறு கிராம் பனீரில் 18, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12. ஓர் இட்லியில் 2 கிராம்தான். தட்டில் முதலில் முட்டையையோ சுண்டலையோ பருப்பையோ சாப்பிட்டு, வயிற்றில் இடம் இருந்தால் சோறு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கை டாக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும், நடை மட்டும் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் சுவரைத் தள்ளுவதும் தொடக்கத்துக்குப் போதும்.

மலச்சிக்கலை முதல் வாரத்திலிருந்தே கவனிக்க வேண்டும். தாகமும் பசியோடு சேர்ந்து குறைவதால் தண்ணீர் குடிக்க மறந்துவிடும். பாட்டிலில் அளந்து வைத்து இரண்டு லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள், இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீர்க் கட்டுப்பாடு உள்ளவர்கள் தவிர. கீரை, அவரை, கொய்யா, தேவைப்பட்டால் இசப்கோல்.

எப்போது ஓட வேண்டும்? மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாய்கிற, விடாத கடும் வலி கணைய அழற்சியாக இருக்கலாம். வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், கண் மஞ்சள் என்றால் பித்தப்பை. எடை வேகமாகக் குறையும்போது பித்தக் கல் உருவாவது கூடும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து அடர்நிறமாகப் போகிறது என்றால் சிறுநீரகம் பாதிக்கப்படும் முன் சலைன் ஏற்ற வேண்டும். ஒரு கண்ணில் திடீரெனப் பார்வை மங்கினால் அன்றே கண் டாக்டர். இந்த எந்த நிலையிலும் அடுத்த ஊசி போடக் கூடாது.

அறுவை சிகிச்சையோ எண்டோஸ்கோப்பியோ இருந்தால் ஊசி போடுவதை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். இரவு முழுக்கப் பட்டினி இருந்தாலும் வயிற்றில் உணவு மிச்சம் இருக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும். பல் பிடுங்க ஈற்றில் போடும் மரத்துப்போகிற ஊசிக்கு இந்தக் கவலை இல்லை.

ஒரு வாரம் மறந்துபோனால்: டிர்செபடைடை 4 நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம், தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு வழக்கமான கிழமையில் போடலாம். வெகோவிக்கு, அடுத்த ஊசிக்கு இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் போடலாம். ஈடுகட்ட இரண்டு ஊசி சேர்த்துப் போடவே கூடாது. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து விட்டுப்போனால், பழைய பெரிய அளவில் திரும்பத் தொடங்கும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும். குடலின் பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

பணமும் பதினாறாவது வாரமும்

மவுஞ்சாரோ அறிமுகமானபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். அதாவது முதல் மாதம் 14,000, அடுத்த மாதத்திலிருந்து 17,500. வெகோவி 2025 ஜூனில் தொடக்க அளவுக்கு மாதம் 17,345 ரூபாயாக இருந்து, அதே ஆண்டு நவம்பரில் 10,850-க்கு இறங்கியது. விலை இன்னும் மாறும். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் வெளிநோயாளியாக வாங்கும் மருந்துக்குப் பணம் தருவதில்லை. அதனால் முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்: ‘எனக்கு மாதம் இவ்வளவுதான் முடியும்.’ எந்த மருந்து, எந்த அளவோடு நிற்பது என்பதை அது தீர்மானிக்கும். இரண்டு மாதம் போட்டு, ஒரு மாதம் விட்டு, மறுபடி போடுவதைவிட, குறைந்த அளவில் விடாமல் தொடர்வது நல்லது. தொடர வழியே இல்லை என்றால் தொடங்காமல் இருப்பதும் நேர்மையான மருத்துவ முடிவே. ஸ்டெப்-1 ஆய்வில் மருந்தை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மன உறுதி இல்லாததால் அல்ல, பசி திரும்பியதால்.

முதல் மறுசந்திப்பு நான்காவது வாரம்: பிரஷர், சர்க்கரை, மலம், வாந்தி, சாப்பிடும் புரதம், அளவு கூட்டுவதா நிற்பதா. பன்னிரண்டு முதல் பதினாறாவது வாரத்துக்குள் கிரியேட்டினின், எச்.பி.ஏ.1.சி. மறுபடி. தாங்கக்கூடிய உச்ச அளவில் மூன்று மாதம் இருந்தும் தொடக்க எடையில் 5 சதவீதம்கூடக் குறையவில்லை என்றால், 80 கிலோ ஆளுக்கு 4 கிலோ, மருந்து அவருக்குப் பொருந்தவில்லையா, ஊசி முறை தவறா, ஃப்ரிட்ஜில் கெட்டதா, வேறு மாத்திரை எடையை ஏற்றுகிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் பலனில்லை என்றால் மருந்தை மாற்றலாம், அல்லது பி.எம்.ஐ. அதிகமுள்ளவர்களுக்கு இரைப்பை அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். அந்தப் பேச்சுக்கு முதல் நாள் எழுதி வைத்த எடையும் இடுப்பு அளவும் பிரஷரும் வேண்டும். ஆகவே முதல் சீட்டை லேமினேட் செய்யாவிட்டாலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.